பாசியும் மட்டியும்

வயலிலும் நீர்த்தொட்டியிலும் பாசியைக் கட்டுப்படுத்தல்

விதைத்த எட்டாம் அல்லது பத்தாம் நாளிற் சில வயல்களில் ஒரு காட்சி காணப்படும். காலையிற் பச்சை ஊசிகளைப் போல நிமிர்ந்து நின்ற இளம்பயிர், பிற்பகலில் வயலின் ஒரு மூலையில் முற்றாக மறைந்துவிடும். அவ்விடத்தில் பழுப்பும் கரும்பச்சையுங் கலந்த தோல்போன்ற படையொன்று நீரின்மேற் பரந்து கிடக்கும். அதனைக் கையால் விலக்கிப் பார்த்தால், பயிர் இன்னுஞ் சாகவில்லை, வளைந்து வெளிறி வெளிச்சமின்றிக் கிடக்கின்றது என்பது தெரியவரும். அப்படியே சில நாட்கள் விட்டால் அது அழுகிவிடும். அழிந்த இடத்தில் மீண்டும் விதைப்பதற்கு நெல்லும் வேண்டும், நீரும் வேண்டும். குளத்து நீர்ப்பாய்ச்சலில் வாழும் ஊர்களிலே, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த நாள் கடந்தபின் விதைத்த பயிர், அயல் வயல்களில் அரிவு வெட்டு நடக்கும்போது பாலேறும் பருவத்திலேயே நிற்கும். அதற்கென வாய்க்காலைத் திறந்து வைத்திருப்பார் எவருமில்லை.

இச்சேதத்தை விளைவிப்பது பாசி. பூச்சியும் நோயும் புல்லும் பெறுகின்ற கவனத்தை இது பெறுவதில்லை. நீரிருக்குமிடத்திற் பாசியிருக்கும் என்று கமக்காரர் பலர் அதனை இயற்கையென விட்டுவிடுகின்றனர். அது ஓரளவு உண்மையே. எனினும் ஒரு வயலிற் பாசி அளவுக்கு மிஞ்சி வளர்வதும், அதற்கடுத்த வயலிற் சிறிதளவே வளர்வதும் தற்செயலாக நிகழ்வன அல்ல.

பாசி எழும் விதம்

நீரின்மேல் மிதக்கும்போது கண்ணிற்படும் பாசி, அங்கே பிறந்ததன்று. வயலில் நீர் கட்டிய சில நாட்களுள் சேற்றின் மேற்பரப்பில் மெல்லிய பச்சைப் படலமாக அது தோன்றுகின்றது. சேற்றிலிருந்து பசளைச் சத்தையும், மேலிருந்து வெயிலையும் பெற்று அப்படலம் தடிக்கின்றது. பகல் வேளையில் ஏனைய பச்சைத் தாவரங்களைப் போலவே பாசியும் ஒட்சிசன் வாயுவை வெளிவிடும். அவ்வாயுக் குமிழிகள் படலத்தினுள்ளே சிக்கி, நண்பகலுக்குப் பின்னர் அதனைச் சேற்றோடு பெயர்த்து மேலே தூக்கிவிடுகின்றன. காற்று அதனை ஒரு பக்கமாகத் தள்ளிச் செல்லும். வழியில் இளம்பயிர்களை அது சாய்க்கும், வேரூன்றாதவற்றைப் பிடுங்கும், காற்று ஒதுக்கும் மூலையிற் படைமேற் படையாகச் சேரும்.

ஆகவே பாசியைப் பார்க்கவேண்டிய வேளை காலை. பார்க்கவேண்டிய இடம் நீரின் அடி. வெறுங்காலுடன் வயலில் இறங்கி, சேற்றைச் சற்றுத் தடவிப் பார்க்கும் கமக்காரருக்கு, பாசி மிதப்பதற்குப் பல நாட்கள் முன்னரே அதன் வரவு தெரிந்துவிடும். பிற்பகலில் வரம்பில் நின்று பார்ப்பவருக்கு அது காலங்கடந்தே தெரிகின்றது.

பயிர் வளர்ந்து இலைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் விழத் தொடங்கியதும் பாசியின் பலம் குன்றிவிடும். அபாயமான காலம் விதைத்த முதல் மூன்று நான்கு வாரங்களே. நாற்று நடும் வயல்களில் இத்தொல்லை குறைவு. நாற்று உயர்ந்து நிற்பதனாற் பாசி அதனை மூடமாட்டாது. இலங்கையிற் பெரும்பாலான வயல்கள் இக்காலத்தில் முளைநெல் வீசி விதைக்கப்படுவனவாகையால், பாசியைப் பற்றிய அறிவு முன்னிலும் பார்க்க இன்று அதிகம் வேண்டப்படுகின்றது.

வகைகள்

கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தே வகையை ஓரளவு அறியலாம். பட்டுநூல்போல வழவழப்பாக நீண்டு வருவது சுப்பைரோகைரா என்னும் பச்சைப் பாசி. சிறு வலையைப் போலக் கண்ணுங் கண்ணியுமாக விரிவது வலைப்பாசி. கூழ்போலவும் பசைபோலவும் நீலங் கலந்த பச்சை நிறத்தில் இருப்பவை அனபீனா, நொசுத்தொக்கு முதலிய நீலப்பச்சைப் பாசிகள். சுண்ணாம்பு நிறைந்த நீரில், தொடுவதற்குச் சுரசுரப்பாக, முகர்ந்தால் வெறுக்கத்தக்க மணமுடையதாக, பூண்டுபோல நிமிர்ந்து வளரும் ஒருவகையும் உண்டு. அதன்மேற் படிந்திருப்பது சுண்ணாம்பே. பிடுங்குவதற்கு எளியதும் இதுவே.

பசளையும் பாசியும்

பாசிக்கு வேண்டுவன நெல்லுக்கு வேண்டுவனவே: வெயில், நீர், நைதரசன், பொசுபரசு. ஆனால் நெல் வேரினால் உண்கின்றது. பாசி உடல் முழுவதாலும் உண்கின்றது. நீரிற் கரைந்திருக்கும் சத்து முதலிற் பாசிக்கே எட்டும்; சேற்றினுள்ளே புதைந்த சத்து முதலில் நெல்லுக்கே எட்டும். பாசிக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி இவ்வொரு வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

இவற்றுட் பாசியின் வளர்ச்சியை முடுக்கிவிடுவது பெரும்பாலும் பொசுபரசாகும். மும்மைச் சுப்பர்பொசுபேற்று நீரில் எளிதிற் கரைவது. கடைசிப் பலகையடிப்புக்கு முன்னர் அதனை இட்டுச் சேற்றோடு நன்றாகக் கலந்துவிட்டால், சேற்றிலுள்ள இரும்பும் களியும் அதனைப் பற்றிக்கொள்ளும். பலகை அடித்து முடிந்தபின், மறந்துபோனதை நினைத்துக்கொண்டவராய்த் தெளிந்த நீரின்மேல் அதனை வீசுபவர், நெல்லுக்கென விலைகொடுத்து வாங்கியதைப் பாசிக்குப் பந்தி வைக்கின்றார். அமெரிக்க நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்தில் நீர் நிறைந்த வயல்களின்மேல் விமானத்திலிருந்து நெல் விதைப்பது வழக்கம். அங்கே பாசித்தொல்லை மிகப் பெரிது. அங்கு நடாத்தப்பட்ட ஆராய்ச்சிகளிற் பொசுபேற்றை மேற்பரப்பில் இட்ட வயல்களிற் பாசி மிகுந்ததும், மண்ணுள் அடக்கி இட்ட அல்லது ஏறத்தாழ 30 நாட்கள் தாமதித்து இட்ட வயல்களில் விளைச்சல் குன்றாமலே பாசி குறைந்ததும் காணப்பட்டன.

பொசுபேற்றே இடாத வயலிலும் பாசி ஏன் வருகின்றதென்று சிலர் வினவுவதுண்டு. உலர்ந்த மண்ணிற் பொசுபேற்றை இறுகப் பிடித்து வைத்திருப்பது இரும்புத் துரு. வயலில் நீர் கட்டியதும் மண்ணினுட் காற்று அற்றுப்போகின்றது. துரு உருமாறி இளகுகின்றது. அது பிடித்து வைத்திருந்த பொசுபேற்றில் ஒரு பங்கு நீருக்கு வருகின்றது. ஆண்டாண்டாகப் பசளை இட்டுவந்த வயலில் இவ்விருப்பு பெரிதாக இருக்கும். ஆதலால் மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவை அறிந்து இடுதலே முறை. 2021 ஆம் ஆண்டிற் பசளை இறக்குமதி தடைப்பட்டு, அதன்பின் விலை ஏறிய காலத்தைக் கண்ட கமக்காரருக்கு, வீணாகும் பசளையின் பெறுமதியை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

யூரியாவின் கதை வேறு. பாசி அடர்ந்த நீரில், பகல் வேளையில் அது காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகின்றது. நண்பகலில் அந்நீரின் பீ.எச். பெறுமானம் 9 ஐயும் தாண்டக்கூடும். அந்நிலையில் யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியா வாயுவாகி ஆகாயத்திற் போய்விடும். எனவே பாசி நிறைந்த நீரின்மேல் யூரியாவை வீசுதல் இரட்டை நட்டம்: ஒரு பங்கைப் பாசி உண்ணும், ஒரு பங்கைக் காற்றுக் கொண்டுபோகும். நீரை வடித்துச் சேறு ஈரமாக இருக்கும்போது யூரியாவை இட்டுப் பின்னர் நீர் பாய்ச்சினால், அது சேற்றினுள்ளே இறங்கி வேருக்கு உதவும். பாசி உண்ட நைதரசன் முற்றாக இழந்ததாகாது என்பதையுஞ் சொல்லவேண்டும். பாசி இறந்து மக்கியதும் அது மண்ணுக்கே திரும்புகின்றது. ஆயினும் இளம்பயிர் பசித்திருக்கும் வேளையிற் கடன் கொடுத்து, கதிர் முற்றும் வேளையில் அதனைத் திரும்பப் பெறுவதில் இலாபமில்லை.

நன்மை செய்யும் பாசி

பாசியனைத்தும் பகையென்று கொள்ளுதல் தவறு. வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே என்னும் அறிஞர், பசளையிடாத வயல்களும் ஆண்டுதோறும் விளைவதற்கு ஒரு காரணம், நீலப்பச்சைப் பாசிகள் ஆகாயத்து நைதரசனைப் பற்றி மண்ணுக்குச் சேர்ப்பதே என 1939 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் இந்தியாவில் ஆர். என். சிங் என்பவர் இப்பாசிகளைக் கொண்டு உவர்க்களர் நிலங்களைத் திருத்தும் முறையை ஆராய்ந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியராக விளங்கிய எசு. ஏ. குலசூரிய, பி. ஏ. உரோசர் என்பவரோடு சேர்ந்து நீலப்பச்சைப் பாசியும் நெல்லும் பற்றி எழுதிய நூலை, பிலிப்பைன்சு நாட்டிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

எனவே விதைத்த முதல் வாரங்களில் தொல்லை கொடுக்கும் பாசியைத் தடுத்தலே வேண்டப்படுவது. வயலிற் பாசியே இல்லாதொழித்தல் அன்று.

இவ்விடத்தில் வயல்நீரில் வாழும் சிறு பிராணிகளையும் நினைத்தல் வேண்டும். கடுகினுஞ் சிறிய ஓட்டுப் பிராணிகளும், குளத்து நத்தைகளும் பாசியை மேய்ந்தே வாழ்கின்றன. விதைத்த சின்னாட்களில் தேவையின்றிப் பூச்சிநாசினி தெளித்தால் இவற்றுட் பல இறக்கும். மேய்வார் இல்லாத பாசி பின்னர் தடையின்றி எழும்பும். பூச்சிக்கு மருந்தடித்த வயலிற் பாசி பெருகியதைக் கண்டு வியப்பவர்கள் இதனைக் கவனிப்பாராக. நத்தை நல்லதென்று கேட்டு, அலங்கார மீன் விற்பவரிடம் வெளிநாட்டு நத்தையை வாங்கி வயலிற் விடுதலோ பெருங்கேடாகும். தென்னமெரிக்காவிலிருந்து 1980 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் தாய்வானுக்கும் பின்னர் பிலிப்பைன்சுக்குங் கொண்டுவரப்பட்ட தங்கநிற நத்தை, அங்கு இளநெல்லைத் தின்னும் பெரும் பீடையாக மாறிவிட்டது.

மட்டி வளர்ப்போர் கண்டது

நெற்கமத்துக்கும் கடலுக்குந் தொடர்பில்லையென்று தோன்றலாம். ஆயினும் பாசியை அடக்கி ஆளும் வித்தையிற் சிறந்த கமக்காரர் கடலிலேயே இருக்கின்றார். இந்து சமுத்திரத்திலும் பசிபிக்குச் சமுத்திரத்திலும் ஆழங்குறைந்த பவளப் பாறைகளில் வாழும் பெருமட்டிகளே அவை. அவற்றுள் மிகப் பெரியது நான்கு அடிக்கு மேல் வளர்ந்து, இருநூறு கிலோவுக்கு மேல் நிறைகொள்ளும். ஓட்டைத் திறந்து, நீலமும் பச்சையும் பழுப்புமாக ஒளிரும் தன் தசையை அது வெயிலில் விரித்து வைத்திருக்கும். அத்தசையினுள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் வாழ்கின்றது. மட்டி அதற்கு இடமும் வெயிலும் தன் கழிவாகிய நைதரசனையுங் கொடுக்கின்றது. பாசி மட்டிக்கு மாச்சத்துணவைக் கொடுக்கின்றது. 1928 ஆம், 1929 ஆம் ஆண்டுகளில் அவுத்திரேலியப் பெருந்தடைப் பவளத்தொடருக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவின் தலைவரான சி. எம். யங் இவ்வாழ்க்கையை நுணுக்கமாக ஆராய்ந்து, இதனை ஒரு கமத்தொழில் என்றே கருதினார்.

இப்பெருமட்டிகளின் சிறிய இனங்களை மேல்நாடுகளிற் பலர் கண்ணாடித் தொட்டியிற் கடல்நீர் நிரப்பிப் பவளங்களோடு வளர்க்கின்றனர். அவர்களுக்கும் முதற் பகை பாசியே. மீனுக்கு இட்ட உணவில் மிஞ்சியது அழுகிப் பொசுபேற்றும் நைதரேற்றும் நீரிற் கூடுகின்றன. மயிர்போன்ற பச்சைப் பாசி பாறையிற் படர்ந்து, மட்டியின் ஓட்டோரத்திலேறி, அது தசையை விரிக்கவொட்டாமல் நெருக்குகின்றது. மட்டியின் தசையினுள்ளே வளர்க்கவேண்டியதும் பாசி. வெளியே அழிக்கவேண்டியதும் பாசி. மருந்திட்டால் இரண்டும் சாகும். செம்பு கலந்த மருந்து சிறிதளவு பட்டாலே மட்டியும் இறந்துவிடும்.

ஆகையால் அவர்கள் பாசியோடு போராடுவதை விட்டு, அதன் உணவோடு போராடுகின்றனர். மீனுணவைக் குறைக்கின்றனர், நீரிற் சிறு பங்கை அடிக்கடி மாற்றுகின்றனர், இரும்புத் துருவாலான மணிகளினூடாக நீரைச் செலுத்திப் பொசுபேற்றைப் பற்றிக்கொள்ளச் செய்கின்றனர். வயற்சேற்றில் இரும்பு செய்கின்ற அதே வேலையை அங்கே ஒரு சிறு குழாயினுள் இரும்பு செய்கின்றது. வேறு சிலர், பக்கத்தில் இன்னொரு தொட்டி வைத்து விளக்கெரித்து, அதில் வேண்டுமென்றே பாசியை வளர்த்து, கிழமைதோறும் அறுத்து எறிகின்றனர். வேண்டாத இடத்தில் வளராதிருக்க, வேண்டிய இடத்தில் வளர்த்து அறுவடை செய்தல்! ஆனால் பொசுபேற்றை ஒரு துளியுமின்றி நீக்கியவர்களின் மட்டிகள் வெளிறி நலிந்தன. உள்ளேயிருக்கும் பாசிக்கும் அது சிறிது வேண்டுமல்லவா? நெல்லுக்குப் பொசுபேற்றே வேண்டாமென நிறுத்திவிட எண்ணுவோர்க்கும் இது பொருந்தும்.

இளமட்டி தன் அடியிலிருந்து விடும் நூல்களாற் பாறையைப் பற்றிக்கொள்ளும். அதனை இழுத்துப் பிடுங்கினால் இறக்கும். ஓட்டைக் கட்டுவதற்கு அதற்கு நீரிற் கல்சியம் வேண்டும். கடல்நீரில் இது ஒரு லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கின்றது. இறந்த மட்டியைத் தொட்டியில் ஒருநாள் விட்டாலும் நீர் கெட்டு அடுத்த பாசிக்கு அதுவே பசளையாகும். இவையெல்லாம் அவர்கள் மட்டிகளைச் சாகக்கொடுத்துக் கற்றவை. பெருமட்டி இனங்களனைத்தும் 1985 ஆம் ஆண்டிலிருந்து சருவதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கடலிற் கண்டதை எடுத்து விற்கலாமென எவரும் எண்ணற்க.

வயலிற் செய்யவேண்டியவை

முதலாவது, நிலத்தை மட்டமாக்கல். பள்ளமான இடத்திலேயே நீர் தேங்கும். தேங்கிய நீரிலேயே பாசி முதலிற் பிடிக்கும். மட்டப்பலகையை ஒருமுறை கூடுதலாக இழுப்பதால் உண்டாகும் செலவு, பின்னர் பாசி வாருங் கூலியிலும் குறைந்ததே.

விதைத்தபின் வயலை நீர் நிற்காமல் ஈரமாக வைத்திருந்து, பயிர் நிமிர்ந்தபின் நீரைச் சிறிது சிறிதாக ஏற்றுதல் வேண்டும். சேற்றின்மேற் பச்சைப் படலந் தோன்றி, இன்னும் மிதக்காத நிலையில், நீரை வடித்து இரண்டு மூன்று நாட்கள் வெயிலிற் காயவிட்டால் படலம் உரிந்து சுருண்டுவிடும். நிலம் வெடிக்கும்வரை விடலாகாது. வெடித்த நிலத்திற் புல்லும் முளைக்கும், நைதரசனும் நட்டமாகும். அடுத்த நீர்முறை எந்நாளில் வருமென்பதை அறியாமல் வயலை வடிப்பதும் அறிவுடைமையாகாது.

பாசி ஏற்கெனவே மிதந்துவிட்டதாயின், உடனே நீரை வடித்தல் பெரும் பிழையாகும். நீர் இறங்க இறங்கப் பாசிப் படை பயிரின்மேற் படிந்து, காய்ந்ததும் தோல்போல ஒட்டி, பயிரை நிலத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். கமக்காரர் பலர் பயிரை இழப்பது பாசியாலன்று, இவ்வவசரத்தாலேயே. அவ்வேளையிற் செய்யத்தக்கது வேறு. நீர் நிற்கும்போதே, பிற்பகலிற் காற்றுப் பாசியை ஒதுக்கிய மூலைக்குச் சென்று, வாரியாலோ பழைய வலைத்துண்டாலோ வரம்புக்கு இழுத்து ஏற்றுதல் வேண்டும். இரண்டு பிற்பகல்கள் இவ்வாறு செய்தபின்னரே நீரை வடித்தல் தகும். வாரிய பாசியை வரம்பிலே விட்டால் மழை அதனை மீண்டும் வயலுக்கே கழுவிவிடும். அதனை வைக்கோலோடும் சாணத்தோடும் கூட்டெருக் குவியலிற் சேர்த்தால், நெல்லுக்கு இட்டுத் தவறிப்போன பொசுபேற்று கத்தரிக்கும் வெண்டிக்கும் உதவும். ஈரப்பாசி விரைவில் நாறுமாகையால் உலர்ந்த சருகு அதிகம் கலக்கவேண்டும்.

மயில்துத்தம்

பாசிக்கு மயில்துத்தமே மருந்து என்ற எண்ணம் பழையது. செப்புச் சல்பேற்றாகிய இது பாசியைக் கொல்லுமென்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை நாடுமுன் நான்கு காரியங்களைச் சிந்திக்கவேண்டும். சுண்ணாம்பு நீரிற் செம்பு அடியிற் படிந்து பயனற்றுப்போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரில் இதனை எதிர்பார்க்கலாம். வைக்கோலும் சருகும் நிறைந்த சேறும் செம்பைப் பற்றி அதன் வலுவைக் குறைக்கும். அது மீனையும் நத்தையையும் மட்டியையுங் கொல்லும். இறுதியாக, செம்பு மக்கி மறையும் பொருளன்று. இட்டதெல்லாம் மண்ணிலேயே தங்கி ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டிருக்கும். கொன்ற பாசி அழுகும்போது அதன் சத்து மீண்டும் நீருக்கு வருவதால், சில வாரங்களில் அடுத்த பாசியும் எழும். விவசாயப் போதனாசிரியர் வயலையும் நீரையும் பார்த்துச் சொல்லாமல் எவரும் இதனை இடுதல் ஆகாது.

கிணற்றுத் தொட்டியும் குளமும்

மரக்கறிச் செய்கையாளரின் தொல்லை வேறுவகையானது. கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் நிறைத்த நீர் சில நாட்களிற் பச்சையாகிவிடும். வடியும் துளிக்குழாயும் அடைபடும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மிகையாக இட்ட பசளையின் நைதரேற்று, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களூடாகக் கிணற்றை அடைவதனால், குடாநாட்டுக் கிணற்று நீரிலேயே பாசிக்கு உணவிருக்கின்றது. கிணற்று நீரை மாற்ற ஒரு கமக்காரராலாகாது. வெயிலை மறைக்க ஆகும். தொட்டியைக் கிடுகாலோ தகரத்தாலோ மூடி ஒளியைத் தடுத்தால் பாசி வளராது. இதனினும் மலிவான மருந்து இல்லை. அத்தோடு, தொட்டியிற் பாசி முன்னிலும் விரைவாகப் பிடிக்குமாயின், தோட்டத்திற் பசளை அளவுக்கு மிஞ்சுகின்றதோ என ஆராய்தல் நன்று. அக்கிணற்று நீரைத் தோட்டத்தாரின் குழந்தைகளுங் குடிக்கின்றனர். நைதரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

குளத்து மட்டியைப் பிடித்துத் தொட்டியில் விட்டால் நீர் தெளியுமா என்பது பலர் கேட்கும் கேள்வி. நன்னீர் மட்டி நீரை உள்ளிழுத்துச் செவுளில் வடித்து, நுண்ணிய பாசியை உண்டு, தெளிந்த நீரை வெளிவிடுவது உண்மையே. ஒரு மட்டி ஒரு நாளிற் பல லீற்றர் நீரை இவ்வாறு வடிக்கும். ஆனால் நீரோடு கலந்து பச்சை நிறங் காட்டும் நுண்பாசியையே அது உண்ணும். நூல்போலப் படரும் பாசியை அது தீண்டாது. ஆகவே வயற்பாசிக்கு மட்டியால் உதவியில்லை. தொட்டியில் அதற்கு நாலைந்து அங்குல ஆற்றுமணல் பரப்பி, நீர் சற்று ஓடச் செய்தல் வேண்டும். மூடிய தொட்டியிற் பாசி இல்லையாதலால் அது பட்டினி கிடந்து இறக்கும். மட்டிக் குஞ்சுகள் முதற் சில வாரங்கள் மீனின் செவுளிலும் செட்டையிலும் ஒட்டி வாழ்வன. மீனில்லாத இடத்தில் மட்டி பெருகாது. தொட்டால் ஓட்டை மூடாத மட்டி இறந்தது. அதனை அன்றே எடுத்துவிடவேண்டும். வெயிலில் திறந்திருக்கும் மீன்வளர்ப்புக் குட்டைக்கே மட்டி ஏற்றது. கிணற்றுத் தொட்டிக்கு மூடியே போதும்.

குளத்து நீர் முழுவதும் பச்சை வர்ணம் கரைத்தாற்போலக் காணப்பட்டு, காற்றொதுக்கிற் பாலாடைபோலப் படை கட்டுமாயின், அது மைக்குரோசித்திசு என்னும் நீலப்பச்சைப் பாசியாக இருத்தல் கூடும். 1999 ஆம் ஆண்டிற் கண்டி ஏரி பச்சையாக மாறியதற்கு இதுவே காரணம். இதிற் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சுடையன. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. அத்தகைய படை ஒதுங்கிய கரையில் மாடுகளை நீர் குடிக்க விடலாகாது. மீன் பிடித்து உண்பதும் குளிப்பதுந் தவிர்க்கத்தக்கன. மயில்துத்தம் இட்டு அதனைக் கொல்ல முயன்றால், உடைந்த பாசியிலிருந்து நஞ்சு முழுவதும் ஒரேவேளையில் நீரிற் கலந்துவிடும். அப்படைகளைக் கண்டவர்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் விவசாயப் போதனாசிரியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். பரிசோதனைக்கு நீர் எடுப்பதாயின், கையிற் படாமல், கழுவிய கண்ணாடிப் போத்தலில் முக்காற் பங்கு நிறைத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து, காலந்தாழ்த்தாது கொண்டுபோய்க் கொடுக்கலாம்.